1098 மொரிஸ் மைனருக்கு எந்தக் கெம்ஷாஃப்ட்? அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

வெள்ளவத்தை மைனர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

என்னிடம் 1966ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது. நான்கு கதவுகள், 1098 சிசி எஞ்சின், ஒற்றை எஸ்யூ காபரேட்டர், பழைய ஸ்ரீ இலக்கத் தகடு. மூன்று ஆண்டுகளுக்கு முன் கோண்டாவிலில் ஒரு குடும்பத்தாரிடம் வாங்கினேன். தகர வேலை, பெயின்ட், வயரிங் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முடித்துவிட்டேன். ஓடுகிற எஞ்சினை ஏன் கிளற வேண்டும் என்று அதை மட்டும் இதுவரை தொடவில்லை.

இரண்டு மாதங்களுக்கு முன் வால்வுகளை அழுத்தும் ரொக்கர்களின் மூடிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் ஒன்று தொடங்கியது. வால்வு இடைவெளிகளை 0.012 அங்குலத்துக்குச் சரிசெய்தபோது சத்தம் குறைந்ததே தவிர, கடுகண்ணாவை ஏற்றத்தில் முன்பு மூன்றாம் கியரில் ஏறிய கார் இப்போது இரண்டாம் கியரைக் கேட்கிறது. ரொக்கர்களைக் கழற்றி, அவற்றைத் தள்ளும் தண்டுகளான புஷ் ரொட்டுகளின் மேல் அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றி அளந்து பார்த்தேன். ஏழு புஷ் ரொட்டுகள் 6.2 முதல் 6.3 மில்லிமீற்றர் வரை உயர்கின்றன. ஐந்தாவது, அதாவது மூன்றாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ட் வால்வுக்குரியது, 5.1 மில்லிமீற்றரோடு நின்றுவிடுகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கெம்ஷாஃப்டில், அந்தப் புஷ் ரொட்டைத் தூக்கும் மூக்கு தேய்ந்துவிட்டது என்பதில் இனிச் சந்தேகமில்லை. எஞ்சின் இப்போது கீழே இறக்கப்பட்டு, தெமட்டகொடையில் ஒரு கராஜில் இருக்கிறது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை இன்னும் திறக்கவில்லை.

எப்படியும் கெம்ஷாஃப்டை மாற்றத்தான் வேண்டும் என்பதால், சற்றுக் கூடுதல் வலுத் தரும் ஒன்றைப் போட்டால் என்ன என்ற ஆசை எழுந்துள்ளது. பிரித்தானியத் தயாரிப்பாளர்களின் பட்டியல்களைப் பார்த்தால், வால்வு திறந்திருக்கும் நேரத்தை எஞ்சின் சுற்றின் பாகையில் குறித்து, 252, 266, 276, 286 பாகை என்று வரிசையாக இருக்கின்றன. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பர் ஒருவர், ஒருமுறைதானே செய்கிறோம், 286ஐயே போடுங்கள் என்கிறார். கராஜில் உள்ள மெக்கானிக் பாஸ், தேய்ந்த மூக்கின் மேல் வெல்ட் ஏற்றிக் கடைந்து தருகிறேன், வெளிநாட்டிலிருந்து எதுவும் தேவையில்லை என்கிறார்.

காரின் பாவனை இதுதான்: வாரஇறுதியில் காலி வீதியிலும் ஹெவ்லொக் வீதியிலும் ஓட்டம், ஆண்டுக்கு இரண்டு முறை நுவரெலியா, நல்லூர்த் திருவிழாவுக்கு ஏ9 வழியாக யாழ்ப்பாணம். போட்டி எதிலும் கலந்துகொள்ளும் எண்ணம் இல்லை. எந்தக் கெம்ஷாஃப்ட் பொருந்தும், அதோடு வேறு எவற்றை மாற்ற வேண்டியிருக்கும், வெல்ட் ஏற்றிக் கடைவது நம்பத்தகுந்ததா என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மலையேறி எழுதியது:

என் மைனரில் 286 பாகைக் கெம்ஷாஃப்ட்தான் இருக்கிறது. ஏப்ரலில் நுவரெலியாவில் நடக்கும் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்காகவே அந்தக் காரை அமைத்தேன். நிமிடத்துக்கு 3500 சுற்றுகளைத் தாண்டியவுடன் அது இழுக்கும் இழுவையை ஒருமுறை உணர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அதற்காக நான் செய்தவற்றையும் சொல்ல வேண்டும். இரட்டைக் காபரேட்டர், பெரிய இன்லெட் வால்வுள்ள 12ஜி295 ஹெட், இரட்டை வால்வு ஸ்பிரிங், சமநிலைப்படுத்திய கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), 948 சிசி மைனரின் 4.55 டிஃபரன்ஷியல் (பின் அச்சின் கியர் விகிதம்) எல்லாம் சேர்ந்துதான் அந்த இழுவை. கெம்ஷாஃப்டை மட்டும் மாற்றியிருந்தால் அது கிடைத்திருக்காது. அந்தக் காரை நான் கொழும்புக்குள் ஓட்டுவதில்லை. போட்டிக்கு லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன். பம்பலப்பிட்டிச் சந்தியில் வாகன நெரிசலில் ஒரு தடவை மாட்டிக்கொண்டபோது, ஐட்லிங்கில் நில்லாமல் நான்கு முறை அணைந்து, பிளக்குகள் கரியேறி, கடைசியில் தள்ளித்தான் ஓரம்கட்டினேன். உங்கள் பாவனைக்கு 286 வேண்டாம். 266 போதும் என்பது என் கருத்து.

கொட்டாஞ்சேனை லேத் எழுதியது:

தம்பி, முதலில் டயல் கேஜை வைத்து அளந்துவிட்டுக் கேள்வி கேட்டதற்கு என் பாராட்டு. எங்கள் பட்டறைக்கு வருபவர்களில் பெரும்பாலானவர்கள் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் எது பழுது என்று கேட்பார்கள்.

மலையேறி அவர்கள் 286ஐப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். 266ஐப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, அதற்குக் காரணம் உங்கள் காரின் கியர்க் கணக்கு. 1098 மைனரின் டிஃபரன்ஷியல் 4.22. நான்காம் கியரில் எஞ்சின் 1000 சுற்றுகள் சுற்றினால் கார் ஏறத்தாழ 26 கிலோமீற்றர் வேகத்தில் போகும். நமது நாட்டில் நகரத்துக்குள் வேக எல்லை 50, வெளியே 70. ஆகவே ஏ9 வீதியில் நீங்கள் சட்டப்படி போகக்கூடிய உச்ச வேகத்தில் உங்கள் எஞ்சின் சுமார் 2700 சுற்றுகளில்தான் இருக்கும். காலி வீதியில் மூன்றாம் கியரில் 30 கிலோமீற்றரில் ஊர்ந்தால் 1600. உற்பத்தியாளர்கள் இந்த எஞ்சினுக்கு உச்ச முறுக்கு விசையை 2500 சுற்றுகளில் வைத்தது இந்த வகை ஓட்டத்தை எண்ணித்தான். 48 குதிரை வலு 5100இல் கிடைக்கிறது என்று கையேட்டில் இருந்தாலும், அந்த 5100ஐ உங்கள் கார் ஆண்டில் எத்தனை நிமிடங்கள் காணப்போகிறது என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பெரிய கெம்ஷாஃப்ட் என்பது, நீங்கள் நாள்தோறும் இருக்கும் 1500-3000 சுற்றுகளிலிருந்து வலுவை எடுத்து, நீங்கள் போகாத 4500-6500 சுற்றுகளில் கொண்டுபோய் வைப்பது. மேலும் 1098இன் கிராங்க் 83.7 மில்லிமீற்றர் நீள ஓட்டமுடையது, மூன்றே மெயின் பெயாரிங்குகளில் நிற்பது. அதை 6500க்கு ஏற்றினால் பிஸ்டன்களின் சராசரி வேகம் விநாடிக்கு 18 மீற்றரைத் தாண்டும். அத்தகைய ஓட்டத்துக்காக அது செய்யப்படவில்லை.

ஏன் கீழ்ச் சுற்றுகளில் வலு போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெரிவு முழுவதும் இதில்தான் தங்கியிருக்கிறது. கெம்ஷாஃப்ட் நடத்தும் நான்கு நிகழ்வுகளில் (இன்லெட், எக்ஸோஸ்ட் வால்வுகள் திறப்பது, மூடுவது), காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு எப்போது மூடுகிறது என்பதே எல்லாவற்றிலும் முக்கியமானது. உங்கள் பழைய கெம்ஷாஃப்டில் இன்லெட் வால்வு பிஸ்டனின் மேல் எல்லைக்கு 5 பாகை முன்னால் திறந்து, கீழ் எல்லையைக் கடந்து 45 பாகையில் மூடுகிறது. மொத்தம் 230 பாகை. அந்த 45 பாகையிலும் பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருப்பதால், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்புகிறது. வால்வு மூடிய பிறகுதான் காற்றை அமுக்கும் உண்மையான கொம்பிரஷன் தொடங்குகிறது. இந்த எஞ்சினில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட்டின் நீளம் 5.75 அங்குலம். அதை வைத்துக் கணக்கிட்டால், 45 பாகையில் பிஸ்டனின் மேல்நோக்கிய ஓட்டத்தில் 89 சதவீதம் மீதமிருக்கிறது. 8.5 என்ற கொம்பிரஷன் விகிதம் கீழ்ச் சுற்றுகளில் உண்மையில் 7.7 ஆகத்தான் வேலை செய்கிறது. 266 பாகைக் கெம்ஷாஃப்ட் ஒன்று 64 பாகையில் மூடுவதாக வைத்துக்கொண்டால், மீதமிருப்பது 78 சதவீதம் மட்டுமே, உண்மையான விகிதம் 6.8க்கு இறங்கிவிடும். இழந்ததைத் திரும்பப் பெற வேண்டுமானால் ஹெட்டைக் கடைந்து 9.6 வரை உயர்த்த வேண்டும். அதைச் செய்யாமல் 266ஐ மட்டும் போட்டவர்கள்தான், புதுக் கெம் போட்டும் கார் முன்பைவிடச் சோம்பலாக இருக்கிறது என்று வருகிறார்கள்.

சுற்று கூடினால் நிலைமை மாறும். உள்ளே விரைந்து வரும் காற்று தன் உந்துவிசையாலேயே, பிஸ்டன் மேலே ஏறினாலும் தொடர்ந்து நுழையும், அப்போது தாமதமாக மூடுவது இலாபம். அந்த இலாபம் 4000க்கு மேல்தான் தொடங்குகிறது.

பி.எம்.சி. நிறுவனத்தின் இந்த ஏ சீரிஸ் எஞ்சினுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. நான்கு சிலிண்டருக்கும் இரண்டே இன்லெட் வாய்கள். முதலாம், இரண்டாம் சிலிண்டர்கள் ஒன்றைப் பகிர்கின்றன, மூன்றாம், நான்காம் சிலிண்டர்கள் மற்றதை. எரியும் ஒழுங்கு 1-3-4-2 என்பதால், ஒரே வாயைப் பகிரும் இரண்டும் அடுத்தடுத்து மூச்செடுக்கின்றன. 230 பாகையில், முதலாவதன் வால்வு மூடும் முன்பே அடுத்தது திறந்து, இரண்டும் 50 பாகைக்குச் சேர்ந்து திறந்திருக்கின்றன. 266இல் அது 86 ஆகிறது, 286இல் 106. ஒரு சிலிண்டரின் பங்கை மற்றது பறிக்கிறது. சிலிண்டருக்குச் சிலிண்டர் கலவை வேறுபடுகிறது, ஐட்லிங் நடுங்குகிறது. தனித்தனி வாய்கள் உள்ள எஞ்சினில் 266 சாதுவாக ஓடுகிறதே என்று யாராவது சொன்னால், அந்த அனுபவத்தை ஏ சீரிஸுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

பட்டியல் எண்களை ஒப்பிடும்போதும் அவதானம் தேவை. ஒரு தயாரிப்பாளர் வால்வு சற்றே அசையத் தொடங்கியதிலிருந்து பாகையை எண்ணுவார், இன்னொருவர் 0.050 அங்குலம் உயர்ந்த பிறகு எண்ணுவார். ஒரே கெம்ஷாஃப்ட் இரண்டு பட்டியல்களில் 40, 50 பாகை வித்தியாசத்தில் இருக்கலாம். எந்த உயரத்திலிருந்து அளந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கட்டளையிட வேண்டாம்.

வெல்ட் ஏற்றுவது வேண்டாம். இந்தக் கெம்ஷாஃப்ட் வார்ப்பிரும்பு, அதன் மூக்குகளின் கடினத்தன்மை வார்க்கும்போதே விரைவாகக் குளிரவைத்துப் பெற்றது. வெல்ட்டின் சூடு பக்கத்து மூக்குகளின் கடினத்தையும் குலைத்து, தண்டையும் வளைக்கும். நான் கையால் தொட்டுப் பார்த்த அத்தகைய கெம்ஷாஃப்டுகளில் ஒன்றுகூட இரண்டு ஆண்டுகள் ஓடவில்லை. வெல்ட் இல்லாமல், எல்லா மூக்குகளையும் சமமாகக் கடைந்து அடிவட்டத்தைச் சிறிதாக்கும் முறை வேறு. அதைச் சரியான கிரைண்டரில் செய்து, பின்னர் கடினப்படுத்தினால் நல்ல பலன் தரும். உங்களுடையதில் 1.2 மில்லிமீற்றர் போய்விட்டதால் அந்த முறையும் பொருந்தாது.

என் பரிந்துரை 252 பாகை. 1961இல் வந்த 997 சிசி மினி கூப்பரில் உற்பத்தியாளர்களே போட்ட அளவு அது. இன்லெட் 16 பாகையில் திறந்து 56இல் மூடும், எக்ஸோஸ்ட் 51இல் திறந்து 21இல் மூடும். வால்வின் உயர்வு உங்கள் பழையதைப் போலவே 0.312 அங்குலம் என்பதால் ஸ்பிரிங்குகளை மாற்ற வேண்டிய கட்டாயமில்லை. அந்தக் கூப்பருக்கு அவர்கள் கொம்பிரஷனை 9 ஆக்கியதையும் கவனியுங்கள். என் கணக்கின்படியும், 56 பாகையில் மூடும் கெம்மோடு பழைய 7.7ஐப் பெற வேண்டுமானால் 9 வேண்டும். ஆனால் உங்கள் எஞ்சினின் இப்போதைய கொம்பிரஷன் என்ன என்று தெரியாமல் இதில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஹெட்டைத் திறந்து அளந்த பிறகே கட்டளையிடுங்கள்.

பழைய ஒஸ்டின் எழுதியது:

தம்பி கோண்டாவிலில் வாங்கியதாக எழுதியிருப்பதைக் கண்டவுடன் எனக்கு ஒரு விடயம் மனதில் தட்டியது. இங்கே உள்ள இளையவர்களுக்கு அது தெரிந்திருக்காது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. என் தகப்பனார் ஒஸ்டின் ஏ40 சொமர்செட் ஒன்றை வாடகைக்கு ஓட்டியவர். ஒரு சிறு போத்தல் பெற்றோலைப் பொன்போலப் பாதுகாத்து, காலையில் காபரேட்டருக்குள் சில துளிகள் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அந்தக் காரில்தான் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார், அந்தக் காரில்தான் எங்கள் அக்காவைக் கலியாண மண்டபத்துக்குக் கூட்டிச்சென்றார்.

மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் மிகக் குறைவு. சாதாரண கொம்பிரஷனில் அது முன்கூட்டியே வெடித்து, எஞ்சின் கடகடவென்று இடிக்கும். அதனால் எங்கள் ஊர் மெக்கானிக்மார் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் இரண்டு கஸ்கெட் போடுவார்கள், அல்லது நடுவே ஒரு தகட்டை வெட்டிப் போட்டு விகிதத்தைக் குறைப்பார்கள். எங்கள் சொமர்செட்டிலும் அப்படி ஒரு தகடு இருந்தது. தடை நீங்கிப் பெற்றோல் வந்த பிறகும், கார் ஓடுகிறதே என்று பலர் அதை எடுக்காமலே விட்டுவிட்டார்கள்.

தம்பியின் மைனர் அந்தக் காலத்தில் அங்கே ஓடியிருந்தால், அதற்குள்ளும் இருக்கக்கூடும். ஹெட்டைத் திறக்கும் முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஹெட் மேலே உயர்ந்திருப்பதால், புஷ் ரொட்டை எட்டுவதற்காக ரொக்கரின் சரிசெய்யும் ஸ்குரூவை வழக்கத்தைவிட அதிகமாகக் கீழே இறக்கியிருப்பார்கள். ரொக்கருக்கு அடியில் நிறைய மரை தெரிந்தால் சந்தேகப்படலாம்.

இன்னொன்று. மண்ணெண்ணெய் முழுமையாக எரியாது. எரியாதது ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலந்து, அதைத் தண்ணீர்போல் ஆக்கிவிடும். தகப்பனார் டிப் ஸ்டிக்கை எடுத்து மணந்து பார்ப்பார். ஒயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். கெம்மும், அதன் மேல் அமர்ந்து புஷ் ரொட்டைத் தூக்கும் டப்பெட்டும் உரசும் இடத்தில்தான் எஞ்சினிலேயே அழுத்தம் மிக அதிகம், அங்கே அந்த ஒயில் நிற்காது. உங்கள் ஐந்தாவது மூக்கின் தேய்மானம் அந்தக் காலத்திலேயே தொடங்கியிருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

வெள்ளவத்தை மைனர் எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றே கராஜுக்குப் போனேன். ரொக்கர்களைத் திரும்பப் பார்த்தபோது எட்டிலும் மரை நீளமாகக் கீழே இறங்கியிருந்தது. நான் இத்தனை நாளும் வால்வு இடைவெளியைச் சரிசெய்தபோது அது கண்ணில் பட்டும் கருத்தில் படவில்லை. ஹெட்டைத் திறந்தோம். இரண்டு கஸ்கெட்டுகள், அவற்றின் நடுவே கையால் வெட்டி அரம் போட்ட 1.5 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு. நீர் வழிகளும் போல்ட் துளைகளும் அவ்வளவு துல்லியமாக வெட்டப்பட்டிருந்தன. எந்த இயந்திர வசதியும் இல்லாத காலத்தில் யாரோ ஒருவர் மின்சாரமில்லாத பட்டறையில் இருந்து செய்த வேலை அது. அதை எறிய மனம் வரவில்லை, துடைத்து வீட்டில் வைத்திருக்கிறேன்.

லேத் அண்ணா சொன்னபடி, ஊசிமருந்துக் குழாயில் மெல்லிய ஒயிலை எடுத்து, எரி அறையையும் கஸ்கெட் தகடுகளின் கனத்தையும் பிஸ்டனுக்கு மேலுள்ள இடத்தையும் கூட்டிக் கணக்கிட்டேன். சிலிண்டருக்கு 44 சிசி வந்தது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 274 சிசி என்பதால் கொம்பிரஷன் விகிதம் 7.2 மட்டுமே. இதற்கு 266ஐ வாங்கிப் போட்டிருந்தால் லேத் அண்ணாவின் கணக்கின்படி கீழ்ச் சுற்றுகளில் 5.8 ஆகியிருக்கும். கடுகண்ணாவையில் அல்ல, வெள்ளவத்தை ரயில் நிலைய ஏற்றத்திலேயே நின்றிருப்பேன்.

இப்போது எனக்குள்ள கேள்வி இதுதான். தகட்டை எடுத்து ஒற்றைக் கஸ்கெட் போட்டாலே 8.5 கிடைத்துவிடும் என்றால், பழைய அளவிலேயே ஒரு புதிய கெம்ஷாஃப்டைப் போட்டு நிறுத்திக்கொள்வதா, அல்லது 252ஐப் போட்டு 9க்குப் போவதா?

கொட்டாஞ்சேனை லேத் எழுதியது:

பெரியவர் சொன்னது என் மனதில் வரவே இல்லை. நான் கொழும்பிலேயே வேலை பழகியவன். அவருக்கு நன்றி.

தம்பி, உண்மையைச் சொன்னால், தகட்டை எடுத்து, பழைய அளவிலேயே நல்ல கெம்ஷாஃப்டைப் போட்டால் நீங்கள் இதுவரை அறியாத ஒரு மைனர் உங்களுக்குக் கிடைக்கும். கொழும்பை விட்டு வெளியே போகாதவராக இருந்தால் அத்தோடு நிறுத்துங்கள் என்பேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தம் இங்குள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே கொம்பிரஷன் கூடியிருப்பது கைகொடுக்கும். றம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் 35 கிலோமீற்றரில் போகும்போது எஞ்சின் 2900 சுற்றுகளில் இருக்கும், 252 அங்கே நன்றாக மூச்செடுக்கும். ஆண்டுக்கு இரண்டு தடவை போகிறேன் என்று எழுதியிருப்பதால் 252உம் 9உம் என்பதே என் முடிவு. எரி அறையோடு சேர்த்து மொத்த இடம் 34 சிசி வரும் அளவுக்கு மட்டும் ஹெட்டைக் கடையுங்கள். 95 ஒக்டேன் பெற்றோலே விடுங்கள், தீப்பொறி நேரத்தை இடிப்புச் சத்தம் வராத அளவுக்கு வையுங்கள்.

கட்டளையிடும் முன் கெம்ஷாஃப்டின் பின்முனையைப் பாருங்கள். ஏ சீரிஸில் ஒயில் பம்பை ஓட்டுவது அந்த முனைதான். குறுக்கே ஊசி உள்ளது, வெட்டுப் பள்ளம் உள்ளது, நட்சத்திர இணைப்பு உள்ளது என்று வகைகள் உண்டு. பம்போடு பொருந்தாத கெம்ஷாஃப்ட் வந்தால் எல்லாம் வீண். உங்கள் காரில் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது, ஆகவே அதற்கான மூக்கு தேவையில்லை. கெம் பெயாரிங்குகளின் தேய்மானத்தையும் அளந்து பாருங்கள், அவை தளர்ந்திருந்தால் ஒயில் அழுத்தம் அங்கேயே கசிந்துபோகும்.

டப்பெட்டுகள் எட்டும் புதியவையாக இருக்க வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். டப்பெட்டின் முகம் தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் மிக நுண்ணிய அளவில் குவிந்திருக்கும், மூக்கும் சற்றே சரிவாகக் கடையப்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்துதான் டப்பெட்டைச் சுழல வைக்கின்றன, சுழன்றால்தான் தேய்மானம் ஓரிடத்தில் குவியாது. பழைய டப்பெட்டின் முகம் குழிந்திருக்கும், அது சுழலாது. என் வாடிக்கையாளர் ஒருவர் நான் தடுத்தும் பழையவற்றைப் போட்டு, புதிய கெம்ஷாஃப்டின் இரண்டு மூக்குகளை முதல் அரைமணி நேரத்திலேயே இழந்தார். உங்கள் புளொக்கின் பக்கத்தில் டப்பெட் மூடிகள் இருப்பதால் பொருத்தும் வேலை இலகு.

சங்கிலிப் பற்சக்கரங்களின் குறிகள் நேராக இருக்கின்றன என்று மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். கிராங்கில் பாகை வட்டத்தைப் பொருத்தி, முதலாம் சிலிண்டரின் இன்லெட் புஷ் ரொட்டில் டயல் கேஜை வைத்து, முழு உயர்வு எந்தப் பாகையில் வருகிறது என்று பாருங்கள். இந்தக் கெம்மின் கணக்குப்படி மேல் எல்லைக்குப் பின் 110இல் வர வேண்டும். நீங்கள் 108இல் வைத்தாலும் நல்லதே, கீழ்ச் சுற்றுகளுக்கு அது உதவும். 114இல் நின்றால் அப்படியே விடக்கூடாது, பற்சக்கரத்தைச் சில பாகை விலக்கி நிறுத்தும் விலகல் சாவி போட்டுத் திருத்த வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டில் மூக்குகள் எல்லாவற்றுக்கும் மொலிப்டினம் பசை பூசுங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒயில் அழுத்தம் வரும்வரை சுற்றுங்கள். பிடித்தவுடன் ஐட்லிங்கில் விடாமல் 2000க்கு ஏற்றி, 20 நிமிடம் 2000க்கும் 2500க்கும் இடையில் மாற்றி மாற்றி ஓட்டுங்கள், ஏனென்றால் கெம்முக்கு ஒயில் கிடைப்பது பெரும்பாலும் கிராங்க் வாரி இறைப்பதால்தான், ஐட்லிங்கில் அது போதாது. ஒயில் 20டபிள்யூ50. புதிய கார்களுக்கான 5டபிள்யூ30 போன்ற மெல்லிய ஒயில்களில், கெற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைக் காப்பதற்காகத் துத்தநாக, பொஸ்பரசுச் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள். டப்பெட்டுக்கும் மூக்குக்கும் நடுவே நிற்பது அந்தச் சேர்மானம்தான்.

மலையேறி எழுதியது:

266 என்று நான் எழுதியதை மீளப் பெறுகிறேன். என் காரில் கொம்பிரஷன் 10க்கு மேல் இருப்பதால்தான் 286 ஓடுகிறது என்பதைக் கணக்கில் சேர்க்காமல் எழுதிவிட்டேன். பாகை வட்டமும் விலகல் சாவிகளும் என்னிடம் இருக்கின்றன. தெமட்டகொடைக்கு நானே கொண்டுவந்து தருகிறேன், வேலை நடக்கும் நாளை மட்டும் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை மைனர் எழுதியது:

நான்கு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். பார்சல் வருவதற்கும் சுங்கத்தில் எடுப்பதற்குமே ஆறு வாரம் சென்றது.

252 பாகைக் கெம்ஷாஃப்ட், எட்டுப் புதிய டப்பெட்டுகள், புதிய சங்கிலி. ஒயில் பம்ப் முனையை முன்கூட்டியே படமெடுத்து அனுப்பியதால் சரியானது வந்தது. ஹெட்டைக் கடைந்த பின் நான்கு சிலிண்டர்களும் 34க்கும் 34.5 சிசிக்கும் இடையில் நிற்கின்றன. குறிக்குக் குறி வைத்தபோது முழு உயர்வு 115 பாகையில் வந்தது. மலையேறி அண்ணா கொண்டுவந்த சாவியைப் போட்டு 109க்குக் கொண்டுவந்தோம். முன்பு சதுர அங்குலத்துக்கு 110 இறாத்தலைத் தாண்டாத கொம்பிரஷன் கேஜ் இப்போது நான்கிலும் 155ஐ ஒட்டிக் காட்டுகிறது. ஐட்லிங் 800இல் அமைதியாக நிற்கிறது. காபரேட்டர் ஊசி மேல் சுற்றுகளில் பெற்றோலைச் சற்றுக் குறைவாக விடுகிறது, அதை அடுத்த வாரம் பார்க்க வேண்டும்.

போன ஞாயிறு கடுகண்ணாவையை மூன்றாம் கியரில் ஏறினேன், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் காரில் இருந்தார்கள். 800 கிலோமீற்றர் ஓடிய பிறகு நேற்று ரொக்கர் மூடியைத் திறந்து எட்டு இடைவெளிகளையும் அளந்தேன். ஐந்தாவது, வைத்த 0.012இலேயே இருக்கிறது.